தட்டில் வைத்த காகிதம்

அவர் இறந்த மறுநாள் பத்திரிகையில் அரைப்பக்கத்துக்குப் படம் போட்டிருந்தார்கள். படத்துக்குக் கீழே 'தோட்டத்து மக்களின் விடிவெள்ளி' என்று எழுதியிருந்தது. அந்த வார்த்தைகள் எனக்கு நன்றாகத் தெரிந்தவை. எழுபதுகளில் ஒரு திருவிழாக் கூட்டத்துக்காக நான்தான் அவற்றை எழுதிக் கொடுத்தேன். எழுதும்போதே பொய் என்று தெரியும். கூலிக்கு மாரடிக்கிறவன் பிணத்தின் யோக்கியதையைப் பார்ப்பதில்லை.

செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது அவரை நான் போதுமான அளவு புகழ்ந்துவிட்டேன். அந்தப் பாவத்தைக் கொஞ்சமாவது கழுவிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பெயருக்கும் யாராவது கொண்டுவந்து மாலை போட்டுவிடுவார்கள்.

இந்த நாட்டில் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரை 'வை.பி.' என்று கூப்பிடுவோம். மாண்புமிகு என்பதற்கு மலாயில் சொல்வதன் சுருக்கம். பெற்ற தாயும் தன்னை அப்படித்தான் கூப்பிட வேண்டும் என்று எதிர்பார்த்தவர் எங்கள் வை.பி. கேமரன் மலையில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியின் மகன். அப்பா தமிழ்நாட்டிலிருந்து ஆள் கட்டிக் கூட்டிவந்து மேய்த்தவர். மகன் எதையும் மேய்க்கவில்லை. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கோலா தெர்லாவில் ஒரு சீனத் தௌக்கேயிடம், அதாவது முதலாளியிடம், காய்கறி லோரிகளுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருந்தார். லோரி மலையிறங்கித் தாப்பா போய்ச் சேர்ந்த பிறகுதான் இவர் சீட்டை எழுதி முடிப்பார் என்று அந்தத் தௌக்கே எங்கள் பள்ளித் தலைமையாசிரியரிடம் சொல்லிச் சிரித்தாராம்.

அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது குடை. கோலாலம்பூரிலிருந்து கட்சிப் பெரியவர்கள் குளிரை அனுபவிக்க எங்கள் மலைக்கு வருவார்கள். எங்கள் ஊர் தூறலுக்கு நேரங்காலம் கிடையாது. பெரியவர் காரிலிருந்து காலை எடுத்துக் கீழே வைப்பதற்குள் இவர் கறுப்புக் குடையோடு நிற்பார். பெரியவர் ஒன்றுக்குப் போனால்கூடக் குடை வாசல்வரை போகும். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பது பழமொழி. இவர் வாழ்வு வருவதற்கு முன்னாலேயே பிடித்தவர், அதுவும் அடுத்தவன் தலைக்கு. தேர்தல் வந்தது. கூட்டணிப் பங்கீட்டில் எங்கள் தொகுதி இவருடைய கட்சிக்கு விழுந்தது. இரண்டு பெரிய மனிதர்கள் அதற்கு அடித்துக்கொண்டார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் குழி பறிப்பார். இரண்டு பேருக்கும் தொந்தரவு தராத ஆள் ஒருவர் தேவைப்பட்டபோது, குடைக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஜெயித்த மறுவாரமே கறுப்புக் கண்ணாடி வாங்கிவிட்டார். பனியில் பத்தடிக்கு அப்பால் நிற்கிற மாடு தெரியாத ஊரில் அதைப் போட்டுக்கொண்டு நடப்பார். ஒருமுறை கோயில் படி தடுக்கிப் பூசாரியின் காலடியில் விழுந்தார். பூசாரி அதை நமஸ்காரம் என்று எடுத்துக்கொண்டு திருநீறு பூசி அனுப்பினார்.

நான் எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் வாத்தியாராக இருந்தேன். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். என்னை மாநிலத் தலைநகர் குவாந்தான் பக்கம் மாற்றப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அக்காவைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனமில்லை. புது வை.பி.யைப் போய்ப் பார்த்தேன்.

"வாத்தியாரே, நீங்க எங்கயும் போக மாட்டீங்க. நான் பேசிட்டேன்லா," என்றார்.

மாற்றல் வரவில்லை. அந்த நன்றிக்கு அவருக்கு மேடைப் பேச்சு எழுத ஆரம்பித்தேன். சனி, ஞாயிறுகளில் பிரிஞ்சாங்கில் அவருடைய சேவை மையத்தில் போய் உட்கார்ந்து மனுக்களும் எழுதினேன். ரொம்ப நாள் கழித்துக் கல்வி இலாகாவில் ஒருவர் சொன்னார்: என்னை மாற்றுவதாக யாரும் நினைக்கவேயில்லையாம். அந்தக் குளிருக்கு மேலே வர வேறு வாத்தியார் கிடைத்தால்தானே! செய்யாத காரியத்துக்கு இத்தனை வருஷம் பேனா தேய்த்திருக்கிறேன். அவர் யாரிடமும் பேசவில்லை. பேசிட்டேன் என்று என்னிடம் பேசியதோடு சரி.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். என்னைப் பெற்ற கையோடு அம்மா போய்விட்டாள், இரண்டு வருஷத்தில் அப்பாவும் போனார். அக்கா கொழுந்து பறித்து என்னை வாத்தியாராக்கினாள். நாங்கள் இருவரும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைவீடுகளில், ஒரே வீட்டில் பிறந்தவர்கள். ஆனால் என்னிடம் இருந்தது நீல ஐ.சி., அதாவது அடையாள அட்டை, அவளிடம் இருந்தது சிவப்பு. நீலம் என்றால் இந்த நாட்டுப் பிரஜை. சிவப்பு என்றால் இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். ஓட்டுக் கிடையாது, வேலைக்குப் பெர்மிட் எடுக்க வேண்டும். நான் உலகச் சண்டை முடிந்து பிறந்தவன், பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அவள் பிறந்ததற்கான பதிவு ஜப்பான்காரன் காலத்தில் தோட்ட ஆபீசோடு எரிந்துபோனது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தப் பெர்மிட் விவகாரம் பெரிதானபோது பயந்துபோய்க் கப்பலேறியவர்கள் நிறையப் பேர். அக்கா வீட்டுக்காரரும் அதில் ஒருவர். அக்கா போகவில்லை.

"எல்லாரும் ஊருக்குத் திரும்பிப் போறேன் திரும்பிப் போறேன்றாங்க. திரும்பிப் போறதுன்னா அங்கேருந்து வந்திருக்கணும்லா? நான் எங்கேருந்து வந்தேன்? ஆறாம் லயத்துலேருந்து," என்றாள்.

அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. லயத்து வீடு வேலை செய்கிறவரைக்கும்தான். வேலையிலிருந்து நின்றால் காலி செய்ய வேண்டும். பிரிஞ்சாங் பக்கத்தில் அரசாங்கம் மலிவு வீடுகள் கட்டப் போகிறது என்று செய்தி வந்ததிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. "ரெண்டு ரூம்பு போதும்டா. ஒரு ஜன்னல் ரோட்டப் பாத்து இருக்கணும்," என்பாள். என் வீடு இருக்கிறதே என்றால், "தம்பி வீடு தம்பி பொண்டாட்டி வீடு," என்று முடித்துவிடுவாள். என் மனைவி காதில் விழும்படியேதான் சொல்வாள். மலிவு வீட்டுக்கு மனுப் போட நீல அட்டை வேண்டும்.

நீல அட்டைக்கு, அவள் இந்த மண்ணில் பிறந்தாள் என்பதற்கு அத்தாட்சி வேண்டும். அவள் பிறந்ததை அறிந்தவர் என்று உயிரோடு இருந்தவர் எங்கள் பழைய பெரிய கிராணி ஒருவர்தான். தோட்ட ஆபீசில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கடிதம் எழுதி, பழைய துரை காலத்து முத்திரையையும் தேடியெடுத்துக் குத்திக் கொடுத்தார். அந்த ஒரு காகிதம்தான் அக்காவின் ஜன்னல்.

வை.பி.யின் சாதனைகளில் ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் பொறாமையில் பேசுகிறேன் என்பீர்கள். எங்கள் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் திறந்துவைத்தார். குழாய் இருந்தது, அதற்குத் தண்ணீர் வரும் பைப்பு இன்னும் மலையின் அந்தப் பக்கத்தில் கிடந்தது. லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு பீப்பாயை வைத்து, வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து நிரப்பி, ரப்பர் குழாய் போட்டு இணைத்தார்கள். சுமந்தவர்கள் எங்கள் லயத்துப் பெண்கள். அவர் திருகினார், தண்ணீர் வந்தது, அதே பெண்கள் குலவையிட்டார்கள். போட்டோ எடுத்து முடிவதற்குள் பீப்பாய் காலி. நானும் கை தட்டினேன்.

சட்டமன்றம் குவாந்தானில் கூடும்போது போய் உட்கார்ந்துவிட்டு வருவார். என்ன பேசினீர்கள் என்று கேட்டால் கடற்கரையோரம் சாப்பிட்ட மீனைப் பற்றிச் சொல்வார். எந்த மீன், எந்தக் கடை, எவ்வளவு முள் என்பதெல்லாம் விவரமாக நினைவிருக்கும்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவருக்கு முதல் மரியாதை. பரிவட்டம் கட்டி, மாலை போட்டு, நாதஸ்வரத்தோடு கூட்டி வருவார்கள். கிராணி கடிதம் கொடுத்த வருஷம் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, பேச்சு இருக்கட்டும். பேப்பர்ல போட்டோ வர்ற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க. போன தடவ வெறும் மாலையோட நின்னேன், போடவே இல்ல."

நான் யோசித்தேன். இதை எழுதும்போது இன்னும் என் கை கூசுகிறது. எனக்குத்தான் அந்தத் தட்டு நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. கங்காணிகள் காலத்திலிருந்து வந்தது. பெரியவர் ஒருவரிடம் ஒரு காரியம் கேட்க வேண்டுமென்றால் வாயால் கேட்பதில்லை. வெற்றிலை பாக்கு வைத்த தாம்பாளத்தில் கேட்க வந்ததற்கு அடையாளமாக ஏதாவது ஒன்றை வைப்பார்கள். பெண் கேட்பதென்றால் மஞ்சள் கிழங்கு, தகராறு தீர்க்க வேண்டுமென்றால் ஒரு பிடி மண். பெரியவர் தட்டைத் தொட்டுவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று. அப்புறம் அதைப் பற்றி ஞாபகப்படுத்தக் கூடாது. கேட்டால், தொட்ட கையைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும். தட்டில் வைத்ததைத் திருப்பி எடுப்பது அதைவிடப் பெரிய அவமானம். அடிதடிவரை போயிருக்கிறது.

"சிவப்பு ஐ.சி. வச்சிருக்கவங்க எல்லாரும் அவங்க காகிதத்தக் கொண்டுவந்து அம்மன் முன்னால தட்டுல வைக்கட்டும். நீங்க தொட்டு வாங்குங்க. வாங்கி ரெஜிஸ்ட்ரேஷன் ஆபீசுல குடுத்துடலாம்," என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போட்டோவுக்கு நல்லா இருக்கும்," என்றார். பேச்சை எழுதினேன். விடிவெள்ளி அதில்தான் வந்தது.

பதிவு அலுவலகம் தானா ராத்தாவில் இருந்தது. எங்கள் தோட்டத்து வாசலில் நிற்கிற பஸ்ஸில் ஏறினால் அரைமணி நேரம். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஆபீஸ் என்றால் நடுக்கம், தட்டு என்றால் நம்பிக்கை. திருவிழா அன்று பகல் பூசை முடிந்ததும் வரிசையாக வந்தார்கள். கப்பல் சீட்டு, பள்ளிக்கூடத்துச் சான்று, பழைய துரையின் கடிதம் என்று ஆளுக்கொன்று. எல்லாம் அசல். ஒருவர்கூட நகல் கொண்டுவரவில்லை. அம்மன் முன்னால் வைக்கிற தட்டில் நகலை வைப்பது என்பது அவர்கள் யோசிக்கவே முடியாத காரியம். அழுகல் வாழைப்பழத்தைச் சாமிக்குப் படைப்பார்களா?

தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றவன் நான். வை.பி. கண்ணாடியோடு என் பக்கத்தில் நின்றார். பெரிய கிராணி கூட்டத்திலிருந்து நகர்ந்து வந்து என் காதோரம், "என்ன தம்பி, ஒரிஜினலையா வைக்கிறாங்க?" என்று கேட்டார்.

"வை.பி. பாத்துக்குவார் சார்," என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். அக்கா மஞ்சள் துணியில் சுற்றிய அந்தக் கடிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு என் கையிலிருந்த தட்டில் வைத்தாள். வை.பி. தட்டைத் தொட்டார். போட்டோக்காரர் இன்னொரு முறை என்றார், இன்னொரு முறை தொட்டார். "மூணே மாசம். எல்லாம் நீலமா வரும்," என்றார். கூட்டம் கை தட்டியது. பெரிய கிராணி அடுத்த வருஷம் காலமானார்.

மூன்று மாதம் போயிற்று. மூன்று வருஷமும் போயிற்று. கிணற்றில் போட்ட கல். யாரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. நான் பேச்செடுத்தாலே, "சும்மா இருடா. தட்டுல வச்சதக் கேக்கலாமா? ஆயிரம் பேரு காகிதம் இருக்கும், மெதுவாத்தான் வரும்," என்று என்னையே அடக்கினாள்.

நான் அவரிடம் இரண்டு தடவை கேட்டேன். முதல் தடவை, "குவாந்தான்ல இருக்கு," என்றார். இரண்டாம் தடவை, "மேல போயிருக்கு வாத்தியாரே," என்றார். மேலே என்றால் எங்கே என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மூன்றாம் தடவை கேட்க நான் வாய் திறக்கவே இல்லை. அந்த வருஷம் எனக்குத் தலைமையாசிரியர் பதவி வரும் என்று ஒரு பேச்சு இருந்தது. அதற்கும் அவர் பேசிட்டேன் என்றிருந்தார்.

மலிவு வீடுகள் கட்டி முடிந்தன. மேடை போட்டு, பந்தல் போட்டு, வை.பி. கையால் சாவி கொடுத்தார்கள். அந்தப் பேச்சையும் நான்தான் எழுதினேன். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே வந்த அக்கா கூட்டத்தில் பின்வரிசையில் நின்று ஒவ்வொரு சாவிக்கும் கை தட்டினாள். ரோட்டைப் பார்த்த வீடு ஒன்று பிரிஞ்சாங்கில் கடை வைத்திருந்த ஒருவருக்குப் போயிற்று. அவருக்கு ஏற்கெனவே இரண்டு வீடு. அடுத்த வருஷம் அக்காவுக்கு வேலை முடிந்தது. லயத்தைக் காலி செய்துகொண்டு என் வீட்டுப் பின்னறைக்கு வந்தாள். சாமான் போட்டு வைத்திருந்த அறை. அதற்கு ஜன்னல் கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கட்சி அவருக்குச் சீட்டு மறுத்தது. வேறு ஒருவர் வேறு ஒருவருக்கு அவரைவிட நன்றாகக் குடை பிடித்திருக்கிறார். விஷயம் தெரிந்த அன்று சேவை மையத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துக்கொண்டு தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் கீழே பட்டணத்து வீட்டுக்குப் போய்விட்டார். போய் ஒரு வாரத்தில் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "வாத்தியார்கிட்டச் சொல்லு, பொன்னாடைகள மட்டும் பத்திரமா அனுப்பிடச் சொல்லு."

இரும்பு அலமாரியை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். சாவி அதுவரை அவர் இடுப்பில் இருந்தது, இப்போது அந்த ஆளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். பொன்னாடைகள் ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் உறையில், யார் போர்த்தியது, எந்தக் கூட்டம் என்று எழுதி ஒட்டி, அடுக்கி வைத்திருந்தார். அந்தக் கையெழுத்தைப் பார்த்து அசந்துபோனேன். லோரிச் சீட்டை எழுதி முடிக்கத் தெரியாத மனுஷன். கீழ்த்தட்டில், ஒரு பழைய சால்வைக்கு அடியில், தாம்பாளம் இருந்தது. எங்கள் கோயில் தாம்பாளம். தட்டோடு தூக்கி உள்ளே வைத்திருக்கிறார். காகிதங்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. வெற்றிலை கறுத்துப் பொடிந்து காகிதத்தோடு ஒட்டியிருந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, சிலவற்றில் எழுத்தே இல்லை. மஞ்சள் துணி சுற்றியிருந்ததால் அக்காவின் கடிதம் தப்பித்திருந்தது.

அந்த அலமாரிக்குப் பக்கத்தில்தான் என் நாற்காலி. அத்தனை வருஷம் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் மக்கள் குறைகளை எழுதியிருக்கிறேன்.

அவர் திருடனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. திருடனுக்கு அந்தக் காகிதத்தின் மதிப்பாவது தெரிந்திருக்கும். கெடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தால், எங்களைப் பற்றிக் கொஞ்ச நேரம் நினைத்ததாகவாவது ஆகும். இவர் போட்டோ எடுத்ததும் தட்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு மறந்துபோனார். சிவப்பு அட்டைக்காரனுக்கு ஓட்டு இல்லை. கூட்டத்துக்கு ஆவான், அதற்குமேல் அவனால் ஒன்றும் ஆகாது. வாங்கிக்கொள்வதோடு ஒரு காரியம் முடிந்துவிடுகிறது என்று அந்த மனிதர் உண்மையிலேயே நம்பினார். மாலை, பொன்னாடை, மனு எல்லாம் அவருக்கு ஒன்றுதான். மாலையைப் போல மனுவும் கழுத்துக்கு வந்ததும் வேலை முடிந்தது.

காகிதங்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிலர் செத்துப் போயிருந்தார்கள், சிலர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். இருந்தவர்களிடம், கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்திருக்கிறது, நேரில் வரச் சொல்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அக்காவிடமும் அதையே சொன்னேன். உண்மையைச் சொன்னால் எங்கே இருந்தது என்று கேட்பார்கள், என் நாற்காலி எங்கே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரியும்.

அக்காவை பஸ்ஸில் ஏற்றித் தானா ராத்தாவுக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த மலாய் அம்மா கடிதத்தைப் படித்துவிட்டு, இவ்வளவு நல்ல கடிதத்தை வைத்துக்கொண்டு ஏன் இத்தனை வருஷம் வரவில்லை, எழுதியவரே இருந்திருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மலாய் தெரியுமா என்று சோதிக்க, நேற்று என்ன சமைத்தாய் என்று அக்காவைக் கேட்டார். அக்கா சந்தை மலாயில் கருவாட்டுக் குழம்பை விளக்கி முடிப்பதற்குள் அந்த அம்மா சிரித்துவிட்டார். கிராணி இல்லாததால் வேறு சாட்சி தேடி அலைந்ததில் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் நீல அட்டை வந்தது.

அக்கா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொஞ்சம் தாமசமானாலும் சொன்னதச் செஞ்சுட்டாருடா," என்றாள். அன்று சாயங்காலமே கோயிலில் அவர் பெயருக்கு அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். அவர் எனக்காகப் பேசியதாக நான் நம்பியதைப் போலத்தான் இவளும் நம்புகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். குங்குமத்தை நீட்டினாள், பூசிக்கொண்டேன்.

அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பழைய குடையையே விரித்தார்கள். இடைப்பட்ட காலத்தில் எங்கேயோ பிடித்து ஒரு பட்டமும் வாங்கியிருந்தார். எங்கள் கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கினார். பரிவட்டம், மாலை, நாதஸ்வரம், கறுப்புக் கண்ணாடி, ஒன்றும் மாறவில்லை. நான் பேச்சு எழுதுவதை நிறுத்தியிருந்தேன். அதனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை, என் பழைய பேச்சே மனப்பாடமாகியிருந்தது. திரிங்காப் பக்கம் அடுத்த கட்டமாக மலிவு வீடுகள் வரப்போகின்றன என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்.

"நீல ஐ.சி. வச்சிருக்கவங்க, வீடு இல்லாதவங்க, உங்க ஐ.சி.யக் கொண்டுவந்து அம்மன் முன்னால இந்தத் தட்டுல வைங்க. வீடு என் பொறுப்பு!"

அடையாள அட்டையையே கேட்கிறார். அதைக் கொடுத்துவிட்டு ரோட்டில் நடந்தால் போலீஸ் பிடிக்கும் என்பதுகூடத் தோன்றாத மனுஷன். புதிதாக வந்திருந்த தலைமையாசிரியர் தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு நின்றார். ஆமாம், அந்தப் பதவியும் எனக்கு வரவில்லை. போட்டோக்காரர் தயாரானார். பெண்கள் வரிசையிலிருந்து முதல் ஆளாக அக்கா எழுந்து நடந்தாள். கையில் மஞ்சள் துணி. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நான் போவதற்குள் அவள் கண்ணில் ஒற்றித் தட்டில் வைத்துவிட்டாள். அவர் விரல் தட்டை நோக்கி நீண்டது.

அவர் தொடுவதற்குள் நான் அந்தத் துணியை எடுத்துவிட்டேன்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. "தட்டுல வச்சத எடுக்காத வாத்தியாரே! அம்மன் பாக்குறா!" என்று பூசாரி கத்தினார். கூட்டத்தில் யாரோ என் சட்டையைப் பிடித்தார்கள். வை.பி. கண்ணாடியைக் கழற்றினார். "என்ன வாத்தியாரே, தலைமையாசிரியர் விஷயத்துல கோவமா? அதுக்கும் பேசிட்டேன்லா," என்றார்.

நான் அவரைப் பார்க்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னேன். "இவரு உன் கடிதத்த எங்கயும் குடுக்கலக்கா. கோலாலம்பூருக்கும் போகல, குவாந்தானுக்கும் போகல. பிரிஞ்சாங் ஆபீசு அலமாரில தட்டோட கெடந்துச்சு. நாந்தான் எடுத்தேன். நாந்தான் பொய் சொன்னேன்."

சலசலப்பை அமுக்க ஒலிபெருக்கியில் ஒருவர், தோட்டத்து மக்களின் விடிவெள்ளி வாழ்க என்று கூவ ஆரம்பித்தார். நாலைந்து பேர் பழக்கத்தில் கை தட்டினார்கள். அக்கா வை.பி.யின் பக்கம் திரும்பக்கூட இல்லை. அவரிடம் கேட்க ஒன்றுமில்லை என்பது அவளுக்கு அந்த நொடியிலேயே தெரிந்துபோயிற்று. என் கையிலிருந்து துணியை வாங்கி, அட்டை உள்ளே இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்குத் தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னதே நீதானடா. அன்னிக்கு ஏன்டா எடுக்கல?" என்று கேட்டாள்.